குச்சவெளிக்குப் போன நுளம்புவலைகள்

காலை ஒன்பது இருபதுக்கு, அலுவலக ஜன்னலுக்கு வெளியே, நுளம்புவலைப் பொதிகள் ஏற்றிய லொறியொன்று துறைமுகப் பக்கமிருந்து வந்து வடக்கே திரும்பியது. வேலை நடக்கிறது என்று நினைத்தேன். (நினைப்பு அந்த நாட்களில் எனக்குத் தாராளமாக வரும், யோசனைதான் வராது.)

போர்க்காலம். எங்களுடையது இடம்பெயர்ந்தோருக்கான நிவாரண அலுவலகம்; மாரிக்கு முன் மலேரியாவைத் தடுக்க முகாம்களுக்கு வலை வழங்கிக்கொண்டிருந்தோம். நான் அதன் கணினிக்காரன். கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்திருந்தார். என் நிரந்தர நியமனக் கடிதம் அவருடைய பையில் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

அவரை மயக்க, களஞ்சிய இருப்பைத் தூண்களாகக் காட்டும் ஒரு வரைபடத்தைக் கணினியில் செய்திருந்தேன். தரவுத்தளத்துக்குள் ஏற்கெனவே எழுதி வைத்த இரண்டு நிரல்கள் இருந்தன. இரண்டும் முடிவில் களஞ்சியத்தின் மிச்ச இருப்பைச் சொல்லும். ஒன்று எண்ணிவிட்டுச் சொல்லும். மற்றது ஒரு லொறிப் பொருளை வழங்கும்படி களஞ்சியத்தில் துண்டுச்சீட்டு அச்சடித்துவிட்டுச் சொல்லும். வரைபடத்தின் ‘புதுப்பி’ பொத்தானோடு, வித்தியாசம் பார்க்காமல், நான் இணைத்தது இரண்டாவதை. அது இடம் கேட்டது. சோதனைக்குத்தானே என்று, வாயில் வந்த வடக்கு முகாமொன்றின் பெயரை, ‘குச்சவெளி’ என்று போட்டு, காலையிலேயே ஒருமுறை ஓட்டியும் பார்த்தேன்.

“ஐசே, இது நேற்றைய கணக்கோ?” என்றார் பணிப்பாளர்.

“இல்லை சேர், இந்த நிமிசத்துக் கணக்கு. ‘புதுப்பி’ எண்டதை அமத்திப் பாருங்கோ.”

அமத்தினார். நீலத் தூண் ஒரு படி இறங்கியது.

“குறையுதே!”

“ஸ்டோரில மும்முரமா வேலை நடக்குது, சேர்.”

மறுபடி அமத்தினார். ஒரு மணித்தியாலம் கழித்துக் கணக்காளரையும் கூப்பிட்டார். “நீரும் ஒருக்கா அமத்தும். உயிரோட இருக்குது ஐசே!” பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

தொலைபேசி அடித்தது. களஞ்சியப் பொறுப்பாளர் நவாஸ் நானா.

“தம்பி, ரெண்டு லொறி போயிட்டு. மூண்டாவதையும் ஏத்திட்டம். துண்டு வந்துகொண்டே இருக்கு. குச்சவெளியில ஆக்கள் கூடவோ, நுளம்பு கூடவோ?”

“கேக்காம ஏன் நானா அனுப்பினீங்கள்?”

“நீங்கதானே சொன்னீங்க, துண்டு வந்தா ஆமி பாதையைப் பூட்ட முதல் அனுப்பு, கதை பிறகு எண்டு!”

அறை முழுவதற்கும் அவர் குரல் கேட்டது. பணிப்பாளர் பேனையை மூடினார்.

வலைகளை மீட்டு வர அன்று மத்தியானமே குச்சவெளிக்குப் போனேன். மாவட்டம் முழுவதற்குமான வலைகளில் பெரும்பகுதி அந்த ஒரு முகாமில் விரிந்து கிடந்தது. ஒரு வலைக்குள் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

முகாம் தலைவி இடுப்பில் கை வைத்தபடி கேட்டார்: “குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது நீங்களோ, உங்கட கொம்பியூட்டரோ?”

“நான்தான், அக்கா.”

“அப்ப ஏலாது. கொம்பியூட்டர் வந்து கேக்கட்டும்.”

நியமனக் கடிதம் கையெழுத்தில்லாமலே கொழும்பு திரும்பியது. இன்றும் வீட்டில் ஒரு கேள்வியை நான் இரண்டாம் முறை கேட்டால், என் மனைவி பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்வாள்: “திரும்பத் திரும்ப அமத்தாதேங்கோ, லொறி வெளிக்கிட்டிடும்.”

அந்த மாரியில் குச்சவெளி முகாமில் ஒருவருக்கும் மலேரியா வரவில்லை.