வாய்க்கு இருபத்துநாலு செகண்ட்

இனிமேல் இந்த வீட்டில் யாரும் ஒரே மூச்சில் இருபத்துநாலு செகண்டுக்கு மேல் பேசக் கூடாது என்று இருபத்துநாலு சார் முடிவெடுத்தார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் அவர். அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைக் கூட்டினாலும் இருபத்துநாலு செகண்ட் தேறாது. ஆகவே சட்டம் யாருக்காக என்று விளக்க வேண்டியதில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கூடைப்பந்து ஆட்டத்தில் ஆடுகளத்து ஓரமாக நீள மேசை போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்களே, அதில் ஒரு நாற்காலி அவருடையது. பந்து கைக்கு வந்த அணி இருபத்துநாலு செகண்டுக்குள் கூடையைப் பார்த்து எறிந்தாக வேண்டும். எறியாவிட்டால் 'பர்ர்ர்' என்று ஓர் அலறல், பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தக் கடிகாரத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும் திருப்பி வைப்பதும்தான் அவர் வேலை. வருஷக்கணக்காக அதையே செய்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த வருஷம் பல நாட்டு அணிகள் மோதும் ஆண்கள் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் அவர் ஊருக்கே வந்துவிட்டது. மேசையில் அவருக்கும் இடம் கிடைத்தது. நிலைவாசலில் குனிந்து நுழைகிற ஏழடி ஆட்களெல்லாம் இவர் விரலுக்கு பயந்து ஓடினார்கள். வெளியே இவ்வளவு பெரிய அதிகாரம் கிடைத்த மனுஷர் வீட்டில் மட்டும் எப்படிச் சும்மா இருப்பார்?

அவர் மனைவி நூலகர். காலையிலிருந்து மாலைவரை 'ஷ்ஷ்' என்பதைத் தவிர வேறு சொல் தேவைப்படாத உத்தியோகம். எட்டு மணி நேரம் அடைத்து வைத்ததையெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நூலகரம்மா திறந்துவிடுவார். சார் 'உம்' கொட்டுவார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு கேட்க ஆளில்லாமல் அவ்வளவும் சார் தலையில்தான் இறங்கியது.

பள்ளிக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கடிகாரப் பெட்டியைத் துடைத்து எடுத்து வந்து குளிர்சாதனப் பெட்டியின் தலையில் உட்கார வைத்தார். ரிமோட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"என்னங்க இது, குண்டு மாதிரி?"

"கடிகாரம். நீ பேச ஆரம்பிச்சா நான் அமுக்குவேன். இருபத்துநாலு செகண்டுக்குள்ள விஷயத்தை முடிச்சுடணும்."

"முடிக்கலைன்னா?"

"பர்ர்ர்."

"அப்புறம்?"

"பேச்சு என் கைக்கு வந்துடும்."

"வந்து? அதை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

சார் சட்டைப்பையிலிருந்த ரிமோட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். முகத்தை நடுவர் மாதிரி வைத்துக்கொண்டு சமாளித்தார்.

"உங்களுக்கும் இதே சட்டம்தானா?" என்றார் நூலகரம்மா.

"ரெண்டு அணிக்கும் ஒரே விதிதான்."

"சரி."

கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மா ஒற்றை 'சரி'யோடு நிறுத்தியதே கிடையாது. சார் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். அவருக்கோ பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் திட்டம் அமோகமாக ஓடியது.

"இன்னைக்கு ஒருத்தர் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டாந்தாரு. உள்ள அடையாளத்துக்கு என்ன வச்சிருந்தாரு தெரியுமா? பல் துலக்கற பிரஷ்! நனைஞ்சிருக்கு! நான் கேட்டேன், ஏங்க, அப்போ வீட்டுல பல் துலக்க என்ன—"

பர்ர்ர்.

அலறலைக் கேட்டு எதிர்வீட்டுப் பல் டாக்டர் கையில் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். தீ இல்லை, சட்டம்தான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் அம்மா தயாராக வந்தார். நூலகத்தில் கூடைப்பந்து விதிகள் எந்த அலமாரியில் இருக்கும் என்று நூலகருக்கா தெரியாது? மதிய இடைவேளையில் படித்து முடித்துவிட்டார்.

"என்னங்க, எறிஞ்ச பந்து வளையத்துல பட்டு எறிஞ்சவங்க கைக்கே திரும்பி வந்தா, மறுபடி பதினாலு செகண்ட் கிடைக்குமாமே?"

"கிடைக்கும்."

"நான் சொன்னதுக்கு நீங்க 'உம்' கொட்டினா அது வளையத்துல பட்ட மாதிரிதானே?"

"உம்."

"பாத்தீங்களா, பட்டுடுச்சு. பதினாலு வைங்க. அந்த பிரஷ்காரர் இன்னைக்கும் வந்தாரு. சீப்பை வச்சிருக்காருங்க!"

"உம்."

"பதினாலு."

அன்றைக்கு 'உம்' மேல் 'உம்'மாகத் தட்டித் தட்டி ஒரு மணி நேரம் பந்தை அம்மாவே வைத்திருந்தார். பெட்டி ஒரு முறைகூட அலறவில்லை. சார் மூக்குடைபட்டுப் படுக்கப் போனார்.

அதற்கு அடுத்த நாள் அவர் ஒரு காரியம் செய்தார். அதுதான் பெரிய பிசகு. 'உம்'மையும் நிறுத்திவிட்டார். அம்மா பேசப் பேச உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பெட்டியில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பாதியில் நின்றார். பெட்டியில் இன்னும் ஒன்பது செகண்ட் மிச்சமிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்றோடு வீடு அமைதியானது.

"சாப்பாடு."

"சாவி."

"மழை. குடை."

அம்மா பேசியது இவ்வளவுதான். ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். கோபம் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வது இல்லை, பாத்திரத்தை நங்கென்று வைப்பது இல்லை. சும்மா இருப்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவரிடம் போய்ச் சும்மா இருக்கப் போட்டி போட்ட முதல் ஆள் நம்ம சார்தான்.

காலையில் படிக்கட்டில் பல் டாக்டரைப் பார்த்துப் பீற்றிக்கொண்டார்.

"டாக்டர், நம்ம வீட்டுல இப்போ சத்தமே இல்லை, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் சார். என் வீட்டுக்காரி, ஊருக்குப் போயிட்டாங்களான்னு கேட்டா."

"வீட்டுலதான் இருக்கா. என் கன்ட்ரோல்ல இருக்கா."

"அப்படியா? உங்க முகத்தைப் பாத்தா கடைவாய்ப் பல்லுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு."

டாக்டர் சொன்னது தப்பில்லை. சாருக்கு உள்ளே ஏதோ குடைந்துகொண்டுதான் இருந்தது.

அவருடைய நாற்காலி எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. அரங்கம் நிறைய ஜனம் எழுந்து குதிக்கும். மேசைக்காரர்கள் மட்டும் கைதட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, எந்த அணிக்கும் 'அடடா' என்றுகூடச் சொல்லக் கூடாது. எல்லோரும் கூடைக்கு மேல் தெரியும் எண்ணைப் பார்ப்பார்கள். அதை ஓட்டுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் புள்ளிகள் குறிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவர் பாஷை தெரியாது. ஒரு நாள் அவர் ஒரு மிட்டாய் நீட்டினார், மறுநாள் இவர் ஒன்று நீட்டினார். அந்தச் சிநேகம் அதோடு சரி.

இத்தனை வருஷம் அந்த நாற்காலி அவருக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்குப் போனால் ஒரு குரல் காத்திருந்தது. இப்போது அரங்கத்திலும் பேச்சில்லை, வீட்டிலும் பேச்சில்லை. சோப்பு தீர்ந்தது, மகள் போன் பண்ணியது, பிரஷ்காரர் அப்புறம் எதை அடையாளம் வைத்தார் என்பது, ஒன்றும் தெரியவில்லை. குழாய் சொட்டும் சத்தத்தை மட்டும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் வீட்டிலேயே தான் வாடகைக்கு இருப்பதுபோல இருந்தது அவருக்கு.

அரை இறுதி ஆட்டத்தில் அந்த வினை நடந்தது. எறிந்த பந்து வளையத்தில் பட்டதா இல்லையா என்பது மயிரிழை விவகாரம். பட்டது என்று நினைத்துச் சார் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். படவில்லை. நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். பெரிய திரையில் முதலில் வளையம் தெரிந்தது, பிறகு கடிகாரம், பிறகு சாரின் முகம். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஜனங்கள் அவரைப் பார்த்தார்கள். பார்த்து, அரங்கமே 'ஊ' என்று ஊளையிட்டது. ஆட்டம் சரிசெய்யப்பட்டு நடந்து முடிந்தது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த 'ஊ' பேருந்தில் ஏறி அவரோடேயே வீட்டுக்கு வந்தது.

அம்மா சூப்பை மேசையில் வைத்தார். சார் உட்காரவில்லை.

"இன்னைக்கு... ஒண்ணு நடந்துச்சு."

அம்மா மேசையில் கிடந்த ரிமோட்டை எடுத்து அமுக்கினார். இரண்டு அணிக்கும் ஒரே விதி.

"அரை இறுதியில... அதாவது... பந்து வளையத்துல... நான் பட்டுச்சுன்னு நினைச்சேன். ஆனா... நல்லாத்தான் பாத்தேன். எப்பவும் பாக்கற மாதிரிதான்... அப்புறம் திரையில... எல்லாரும் என்னைப் பாத்து—"

பர்ர்ர்.

"நேரமாச்சு," என்றார் அம்மா, மெதுவாக. "சூப் ஆறுது."

மனசில் இருப்பதைச் சொல்லிப் பழகாத ஆளுக்கு இருபத்துநாலு செகண்ட் எந்த மூலைக்கு? நாற்காலியில் உட்கார்ந்து சூப்பைத் தள்ளி வைத்தார். அவருக்கு அழுகை வந்தது. நாற்பது பையன்களை மைதானத்தில் ஓட விடுகிற வாத்தியார், ஒரு தகரப் பெட்டியின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா பார்க்காததுபோல ரொட்டிக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

விடிந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைப் பள்ளிக் கிடங்கிலேயே போட்டுவிட்டு வந்தார்.

"இந்தா, சட்டத்தை எடுத்தாச்சு. இனிமே நீ இஷ்டத்துக்குப் பேசலாம்."

"சரி."

"என்ன சரி? பேசு."

"என்ன பேச?"

"எதாவது."

"எதாவது," என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

சார் நேராக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"டாக்டர், வாயைத் திறக்க வைக்கிறது உங்க தொழில்தானே?"

"ஆமா. ஆனா அதுக்கு முதல்ல வலிக்கணும் சார்."

"எனக்குத்தான் வலிக்குது."

டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து யோசனை சொன்னார். இறுதி ஆட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும். அந்தக் கூச்சலில் ஊமையும் வாய் திறப்பான். திறந்த வாய் வீட்டுக்கு வரும்வரை மூடாது. சாருக்கு உயிர் வந்தது. மேசைக்காரர்களுக்குக் கொடுக்கும் இலவசச் சீட்டு மூன்றையும் வாங்கி, அம்மாவை டாக்டர் தம்பதியோடு மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்.

இறுதி ஆட்டம் கடைசிவரை இழுபறி. விளையாட்டு நின்ற இடைவெளிகளில் சார் ஓரக்கண்ணால் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களை 'ஷ்ஷ்' என்று அடக்கியவர் நாற்காலியின் மேலே ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்! எந்த அணிக்காக என்று தெரியவில்லை. இரண்டுக்குமே கத்தினார்போலிருக்கிறது. அத்தனை சத்தத்தில் அந்த ஒரு குரல் மட்டும் சாருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்காரவும் முடியாது, கையசைக்கவும் கூடாது. ஒரு தப்பும் இல்லாமல் கடிகாரத்தை ஓட்டி முடித்தார்.

வெற்றிக் கோப்பை கொடுத்து முடிந்து கூட்டம் கலைந்ததும் வாசலுக்கு ஓடினார்.

"எப்படி இருந்துச்சு? சொல்லு! எல்லாத்தையும் சொல்லு!"

அம்மா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"தொண்டை போயிடுச்சு சார்," என்றார் பல் டாக்டர், எங்கோ பார்த்துக்கொண்டு. "ஒரு வாரம் பேசவே கூடாது."

"நீங்க பல் டாக்டர்தானே?"

"தொண்டை பல்லுக்குப் பக்கத்துலதானே சார் இருக்கு?"

பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா சன்னலைப் பார்த்தார். சாருக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் தானே பேச ஆரம்பித்தார். முதலில் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். பிறகு, அரை இறுதியில் நடந்ததை முழுசாகச் சொன்னார். அந்த 'ஊ'வையும் சொன்னார். அம்மா திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'அப்புறம்?' என்று புருவத்தை உயர்த்தினார். அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை.

அந்த வாரம் முழுக்கப் பேசினார். வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே பேசினார், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினார். மிட்டாய் கொடுத்த வெளிநாட்டுக்காரரைப் பற்றி, பள்ளியில் மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி, மகள் போன அன்று மைதானத்தில் போய் நின்றுகொண்டிருந்ததைப் பற்றி. "நீ பேசலைன்னா எனக்கு இது வீடாவே இல்லைம்மா," என்றுகூட ஒரு நாள் சொல்லிவிட்டார். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பாவம், அந்தத் தொண்டை சீக்கிரம் குணமாக வேண்டுமே என்று சார் மனசார வேண்டிக்கொண்டார்.

ஏழாம் நாள் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டது. அம்மாவுக்கு விடுமுறை நாள். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று வழியில் தேன் வாங்கிக்கொண்டு, சொல்ல வேண்டிய சமாச்சாரங்களை மனசுக்குள் அடுக்கியபடி படியேறி, சத்தமில்லாமல் கதவைத் திறந்தார்.

உள்ளறையில் அம்மா மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். வெண்கல மணி மாதிரி குரல்.

"இல்லடி, தொண்டைக்கு ஒரு கேடும் இல்ல. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே ஓட்டணும். மனுஷன் இப்பத்தான் வாயைத் திறந்து பேசக் கத்துக்கிட்டிருக்காரு, நீ போன் பண்ணி எதையாவது உளறிக் கெடுத்துடாதே!"