லபீபுக்கு ஒரு விரோதி வேண்டும்

"எனக்கு யாரோடவும் சண்டை இல்லையே, அபூனா" என்று லபீப் மறுபடியும் சொன்னார்.

அபூனா ஸராபியோன் தாடியைத் தடவிக்கொண்டார். பாவசங்கீர்த்தனம் கேட்கிற குருக்கள் எந்தப் பாவத்தைக் கேட்டாலும் அசரமாட்டார்கள். எந்தப் பாவமும் இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தால்தான் அவர்களுக்குக் களைப்பு வரும். வெளியே வராந்தாவில் ஷூப்ரா பேட்டையில் பாதி வரிசையில் நின்றுகொண்டிருந்தது. சபைக் காலண்டரில் பன்னிரண்டு மாதமும் முடிந்து, ஐந்தே நாள் கொண்ட சின்ன மாதம் பிறந்துவிட்டால் ஒவ்வொரு வருடமும் இதே கூட்டம்தான். நைரூஸ் புத்தாண்டுக்குள் மனஸ்தாபங்களைத் தீர்த்துக்கொண்டு நற்கருணை வாங்கிவிட வேண்டும் என்று வருடம் முழுக்கச் சண்டை போட்டவர்களுக்கெல்லாம் அவசரம்.

"நல்லா யோசிச்சுப் பாரு, லபீப்."

லபீப் யோசித்ததை உரக்கவே யோசித்தார். தன்னுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள், வாங்கிய கண்ணாடியைத் தாங்களே மிதித்துவிட்டு வந்து கத்தினாலும் தான் சிரித்துக்கொண்டே அதன் காதை நிமிர்த்திக் கொடுப்பதைச் சொன்னார். மைத்துனனிடம் காட்டிய பொறுமையைச் சொன்னார். மாடியில் இருப்பவர்கள் பால்கனியில் சொட்டச் சொட்டத் துணி காயப்போடுவதைத் தான் மழையாக எடுத்துக்கொள்வதைச் சொன்னார். நடுவில் அபூனா மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடிக்கொண்டார்.

லபீப் மூச்சு வாங்கிய இடத்தில் அபூனா புகுந்துவிட்டார்.

"யாராவது இருப்பாங்க. தூரத்துல தேடாதே. கண்டுபிடிச்சு சமாதானம் ஆகிட்டு வா. அதுவரைக்கும் உனக்கு நற்கருணை கிடையாது."

பெயரையாவது சொல்லக்கூடாதா என்று லபீப் கேட்டுப் பார்த்தார். அதை நான் சொன்னால் பிரயோஜனம் இல்லை என்று அபூனா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

லபீப் ஆடிப்போய்விட்டார். நினைவு தெரிந்த நாளிலிருந்து நைரூஸ் அன்று அவர் நற்கருணை வாங்காமல் இருந்ததில்லை. எல்லோரும் செருப்பைக் கழற்றி, வாயைப் பொத்தக் கைக்குட்டையோடு முன்னால் போகும்போது தான் மட்டும் பெஞ்சோரம் நின்றால், என்ன பாவம் செய்தார் என்பதை மத்தியானத்துக்குள் ஷூப்ரா முடிவு செய்துவிடும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த ருசி நாக்கில் படாத வரைக்கும் அவருக்குப் புது வருடம் பிறந்ததாகவே தோன்றாது. கடைச் சுவரில் காலண்டரைக்கூட அதற்கு முன் மாற்றமாட்டார்.

தேவாலயத்திலிருந்து நேரே ஃபஹீமின் கடைக்குப் போனார்.

ஃபஹீம் கடிகாரம் பழுது பார்ப்பவர். லபீபின் கடைக்கு அடுத்த கடை. இருவரும் ஞாயிறு வகுப்பிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். தேவாலயத்திலும் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்து இடம். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தால் ஃபஹீமுக்கு உலகம் மறந்துவிடும். குறுக்கே பேசமாட்டார், புத்தி சொல்லமாட்டார், இதை ஏற்கனவே சொல்லிவிட்டாய் என்றும் சொல்லமாட்டார். இப்படி ஒரு நண்பன் அமைவது வரம் என்று லபீப் அவரிடமே அடிக்கடி சொல்வார். ஃபஹீமுக்கு இருந்த குறை ஒன்றுதான். சில வருடங்களாக அவர் நற்கருணைக்குப் போவதில்லை. வெறும் வயிற்றோடு பூசைக்கு வருவது ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுப்புண்ணாகத்தான் இருக்கும் என்று லபீப் தானே கண்டுபிடித்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அனுதாபத்தோடு சொல்லி வந்தார்.

நடந்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு லபீப் கேட்டார்: "நீயே சொல்லு. எனக்கு யாரு விரோதி?"

ஃபஹீமின் கை நின்றது. பூதக்கண்ணாடியைக் கழற்றி லபீபை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"பாத்தியா, உனக்கே தெரியல" என்றார் லபீப்.

தூரத்தில் தேடாதே என்று அபூனா சொல்லியிருந்தார். லபீப் எதிர்வீட்டிலிருந்து தொடங்கினார்.

எதிர்வீட்டு அன்ஜேல் அக்கா விதவை. பண்டிகை தவறாமல் கஹ்க் பிஸ்கட் சுட்டு, மேலே சர்க்கரை தூவி, கட்டிடம் முழுக்கத் தட்டுத் தட்டாக அனுப்புகிறவள். அவள் கைக்கு மாவு இளகாது. அந்த கஹ்க்கைக் கடித்துத்தான் லபீபின் கடைவாய்ப்பல் ஒன்று போயிற்று.

"அக்கா, புது வருஷம் வருது. மனசுல ஒண்ணு உறுத்துது. நீங்க குடுக்கற கஹ்க்க நாங்க சாப்பிடறதில்ல. மொட்டை மாடியில புறாவுக்குப் போட்டுடறோம். மன்னிச்சுடுங்க."

அன்ஜேல் அக்காவுக்கு அதுவரை இது தெரியாது. முகம் சுருங்கிவிட்டது. லபீபுக்குப் பொறுக்கவில்லை. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னார்.

"நாங்க மட்டும் இல்லக்கா. கீழ் வீடு, மூணாம் மாடி, எல்லாரும்தான். நம்ம புறா பறக்காம நடந்தே போகுதே, ஏன்னு நினைச்சீங்க?"

அன்ஜேல் அக்கா தலைத்துணியைச் சரி செய்துகொண்டு கீழ் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டிடத்துப் படிக்கட்டில் லபீபின் வணக்கத்துக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் காலை ஃபஹீமிடம் போய் இதைச் சொல்லி, அன்ஜேல் அக்காவின் தம்பியைப் பிடித்துச் சமாதானம் பேசலாம் என்ற யோசனையையும் சொன்னார். ஃபஹீம் ஒரு ஸ்பிரிங்கை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். லபீப் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அந்தத் தம்பிதான் தேவாலயத்தின் தலைமைப் பாடகர் யூஸ்தோஸ். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதை அப்பளம் போல் விரித்து, மேலே ஏற்றி, கீழே இறக்கி, முடியப்போகிறது என்று நினைக்கிற இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கிப் பாட அவரை விட்டால் ஆளில்லை. லபீபை அன்பாக வரவேற்றார். அக்காவைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். லபீப் அத்துடன் எழுந்து வந்திருக்கலாம்.

உதவி கேட்க வந்த இடத்தில் மனசில் அழுக்கோடு உட்காரக்கூடாது என்று அவருக்குப் பட்டுவிட்டது.

"உங்ககிட்டயும் ஒரு மன்னிப்புக் கேக்கணும், குருவே. நீங்க அந்தப் பெரிய பாட்டை எடுத்தீங்கன்னா நான் மெதுவா வெளிய போய், முக்குக் கடையில உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு வருவேன். வந்தப்புறமும் நீங்க அதே சொல்லுலதான் இருப்பீங்க."

யூஸ்தோஸ் பாடாமல் இருந்து அவ்வளவு நேரம் லபீப் பார்த்ததில்லை.

"தனியாவா போவே?" என்றார் கடைசியில்.

"சேச்சே, தனியா யாரு போவா? பீடத்துல நிக்கிற டீக்கன்மாருங்க பாதிப் பேரு அங்கதான் இருப்பாங்க."

"இத்தனை நாளும் அபூனா கேட்டுக்கிட்டாருன்னு சுருக்கிப் பாடினேன்" என்றார் யூஸ்தோஸ் அமைதியாக. "இந்த நைரூஸுக்கு முழுசாப் பாடறேன்."

செய்தி அன்றைக்கே பரவியது. ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பூசைக்கு வருகிற சபை அது. குழந்தை குட்டிக்காரர்கள் கலங்கிப்போனார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் லபீபின் பெயரைச் சொல்லி வானத்தைப் பார்த்தார்கள். காலையில் கட்டிடமளவு இருந்த விரோதம் இப்போது சபையளவு ஆகிவிட்டது. கண்ணாடிக்கு அளவு கொடுத்திருந்த ஒருவர் வந்து, எனக்குக் கண் நன்றாகவே தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி தௌலத் முலுகியாக் கீரையை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம மன்னிப்புக் கேட்டாச்சு. கட்டின பொண்டாட்டிகிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையாக்கும்?"

ஒன்றும் இல்லை என்று சொன்னால் ஆணவம். அதையும் அபூனா பாவம் என்றுதான் சொல்வார். லபீப் மனசாட்சியை அடிவரைக்கும் துழாவினார்.

"பொண்ணு பாக்க வந்தேன்ல? அன்னிக்குக் கதவைத் திறந்தது உன் அக்கா. அவதான் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு சரின்னு சொல்லிட்டேன். நிச்சயதார்த்தத்துலதான் நீன்னு தெரிஞ்சுது. அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

கத்தி நறுக்குவதை நிறுத்தியது.

"ஆனா விட்டதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல" என்று லபீப் சேர்த்துக்கொண்டார். அது உண்மை. ஆனால் தாமதமான உண்மை.

தௌலத் கோபித்துக்கொண்டால் அக்கா வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். இந்த முறை அதற்கும் வழியில்லை. ஆகவே அக்காவுக்குப் போன் போட்டு, நீ எதற்கு அன்றைக்குக் கதவைத் திறந்தாய் என்று கேட்டாள். அந்த உரையாடலுக்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா புருஷன் போனில் லபீபைக் கூப்பிட்டு, அவருடைய குணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார்.

நைரூஸுக்கு முந்தின நாள் பிற்பகல், லபீப் ஃபஹீமின் கடை ஸ்டூலில் போய் விழுந்தார்.

"போன வாரம் எனக்கு ஒரு விரோதிகூட இல்ல, ஃபஹீம். ஒருத்தரைத் தேடப் போய் இப்ப ஒரு திருச்சபையே சேந்துபோச்சு. நற்கருணை போச்சு. வீட்ல முலுகியாவும் போச்சு." ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இந்த ஷூப்ராவுலயே மன்னிப்புக் கேக்க எனக்கு எதுவும் இல்லாத ஒரே ஆளு நீதான். நம்ம ரெண்டு பேருக்குள்ள இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை தடிச்சிருக்கா, சொல்லு?"

ஃபஹீமின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. இருமல் என்று லபீப் நினைத்தார். இடுக்கியில் இருந்த திருகு எள்ளளவு; தெறித்து எங்கோ விழுந்தது. இருவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். கண்ணாடிச் சட்டத்துத் திருகுகளோடு காலம் தள்ளுகிற லபீப்தான் அதைக் கண்டெடுத்து ஃபஹீமின் உள்ளங்கையில் வைத்தார். மேஜைக்கு அடியில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். ஃபஹீமின் கண்கள் ஈரமாக இருந்தன. வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சொல்லாதே" என்றார் லபீப், அவர் தோளைத் தட்டி. "எனக்குத் தெரியும்." எழுந்து போய்விட்டார்.

நைரூஸ் காலையில் பலிபீடத்துக்குச் சிவப்புத் திரை போட்டிருந்தார்கள். யூஸ்தோஸ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பெரிய பாட்டு தொடங்கி, வளர்ந்து, சபையில் பாதிக் குழந்தைகள் தூங்கி விழித்தும் அதே சொல்லில் நின்றது. வெளியே போக யாருக்கும் தைரியம் வரவில்லை. பெஞ்சில் பின்னால் இருந்தவர்கள் லபீபின் பிடரியைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தார்கள்.

ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தால் வாழ்த்துங்கள் என்று டீக்கன் கூப்பிட்டபோது லபீப் தலையைக் குனிந்துகொண்டார். யார் கை கொடுக்கப் போகிறார்கள்?

ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். மனஸ்தாபம் உள்ளவர்களுக்கு நற்கருணை கிடையாது என்ற சட்டம் எல்லோருக்கும்தான். கீழ் வீட்டுக்காரர் நெருங்கி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு லபீபின் விரல்களைத் தொட்டுத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார். "பூசை முடியட்டும், பேசிக்கறேன்" என்றார். மூன்றாம் மாடிக்காரர் வந்தார். டீக்கன்மார் இறங்கி வந்தார்கள். யூஸ்தோஸ், இன்னும் மூச்சிரைத்தபடி, சுண்டுவிரலை மட்டும் நீட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து அன்ஜேல் அக்கா தூரத்திலிருந்தே தலையசைத்தாள். தௌலத் பார்த்தாள், சிரிக்கவில்லை, ஆனால் பார்த்தாள்.

கடைசியாகப் பக்கத்தில் நின்ற ஃபஹீம் திரும்பினார். மற்றவர்களைப் போல் விரலைத் தொடவில்லை. லபீபின் கையை இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்.

நற்கருணை நேரம் வந்தது. ஃபஹீம் செருப்பைக் கழற்றி முன்னால் நடந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி இன்ஸாஃப், கல்யாண வீட்டில் இடுவது போல ஒரு நீண்ட குலவை இட்டாள். எப்படியும் அபூனா திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயத்தோடு லபீபும் பின்னால் போய் நின்றார். அபூனா அவரைப் பார்த்தார், ஃபஹீமைப் பார்த்தார், தாடிக்குள் சிரித்துக்கொண்டே நற்கருணையைக் கொடுத்துவிட்டார். லபீபுக்குப் புது வருடம் பிறந்தது.

முற்றத்தில் செங்காய்ப் பேரீச்சையும் கொய்யாவும் கூடை கூடையாக வைத்திருந்தார்கள். பசித்த சபைக்குக் கோபம் நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு கொய்யாவைக் கடித்ததும் முகங்கள் தெளிந்தன. தௌலத்தேகூட ஒரு பேரீச்சையின் நல்ல பாதியை நீட்டினாள். லபீப் மனம் நிறைந்து, இன்ஸாஃபிடம் போனார்.

"நம்ம ஃபஹீமுக்கு வயித்துப்புண்ணு ஆறிடுச்சு போல, ரொம்ப சந்தோஷம்மா. எனக்கு ஒண்ணுதான் புரியல. அபூனா சொன்ன அந்த விரோதிய நான் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே இல்ல. அப்புறம் எப்படி எனக்கு நற்கருணை குடுத்தாரு?"

இன்ஸாஃப் வாயிலிருந்த கொய்யாவை மென்று விழுங்க மறந்து அவரைப் பார்த்தாள்.

"வயித்துப்புண்ணா? நீங்க ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்கறீங்களேன்னு ஆறு வருஷமா அந்த மனுஷன் உங்ககூடக் காய் விட்டிருந்தாருண்ணே. நீங்களா கவனிப்பீங்கன்னு காத்திருந்து பாத்துட்டு, இன்னிக்கு அவரே பழம் விட்டுட்டாரு."