அந்தப் பனியா, இந்தப் பனியா?

ஒரு மொழியில் நாலு வார்த்தை தெரிந்தவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒன்றுமே தெரியாதவர்களாலும் ஆபத்தில்லை. மூன்றே வார்த்தை தெரிந்துகொண்டு, முழுதும் தெரிந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களால்தான் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருகின்றன. ஒன்பது வயதில் நான் அப்படி ஒருத்தியாக இருந்தேன். பெயரும் பேச்சியம்மாள். பேசாமல் இருக்க முடியுமா?

எழுபதுகளின் நடுவில், அப்பா செத்துப்போன வருஷம், அம்மாவும் நானும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து இடுக்கி மலைக்குப் போனோம். அப்பா வீட்டார் கதவைச் சாத்திவிட்டார்கள். தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் சொல்லி, தேயிலைத் தோட்டத்தில் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் கடைசி வீட்டைக் கொடுத்தார்கள். வேலை போனால் வீடும் போய்விடும். திரும்பிப் போக எங்களுக்கு ஊர் என்று ஒன்று இல்லை.

அந்த மலையை எனக்குப் பிடிக்கவே இல்லை. எப்போது பார்த்தாலும் ஈரம். காயாத துணி, காயாத விறகு, காயாத மனுஷர்கள். அம்மா ராத்திரி அழுவாள். கேட்டால் புகை என்பாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் கலந்து ஒரு பாஷை பேசினார்கள். ஊரில் வகுப்பில் முதலாவதாக வந்தவள் என்று நான் முதல் நாளே பீற்றிக்கொண்டதால், என் பக்கத்தில் உட்கார ஒருத்தரும் வரவில்லை. (வந்திருந்தாலும் அதையேதான் மறுபடி சொல்லியிருப்பேன்.)

கடைசியில் வந்து உட்கார்ந்தவள் ஒருத்திதான். தேயிலை ஃபேக்டரி லாரி டிரைவரின் மகள். எப்போதும் நேரம் கழித்தே வருவாள். பெயரைக் கேட்டேன்.

"ஏலிக்குட்டி."

"எலிக்குட்டியா?" என்று சிரித்துவிட்டேன். இருந்த ஒரே ஆளையும் நானே விரட்டப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. தலைக்கு மேல் இரண்டு விரலைக் காது மாதிரி வைத்துக்கொண்டு, "கீச்சு கீச்சு" என்றாள். அப்பா செத்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மலையாளப் பிள்ளை அவள். தமிழ் தண்ணீராக வரும். எனக்கு மலையாளம் சொல்லிக்கொடுத்தாள். 'உண்டு' என்றால் இருக்கிறது. 'வெள்ளம்' என்றால் தண்ணீர். 'ஆர்' என்றால் யார். இந்த மூன்றையும் கற்றுக்கொண்டதும் நான் பண்டிதை ஆகிவிட்டேன்.

தை மாதத்து ஒரு காலையில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியது மாதிரி வெளுத்துக் கிடந்தது. அம்மா கம்பளி இல்லாமல் சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு வாத்தியார் வருவதற்கு முன்னாலேயே தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஜீப்பில் பள்ளிக்கூடம் வந்தார். கோட்டயம் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் வாடையே கிடையாது. கீழ்த் தோட்டத்தில் ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று விசாரிக்க வந்திருக்கிறார். அது எனக்கு எப்படித் தெரியும்? வாசலில் நின்றபடி கேட்டார்:

"வீட்டில் ஆர்க்கெங்கிலும் பனியுண்டோ?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டில், ஆர், பனி, உண்டோ! ஒரு முழு மலையாள வாக்கியம் எனக்குப் புரிந்துவிட்டது! வீட்டில் பனி இருக்கிறதா என்று கேட்கிறார்; எவ்வளவு அக்கறையான மனுஷர்! எழுந்து கையைக் கட்டிக்கொண்டு முழங்கினேன்.

"உண்டு சாரே! எங்க லயம் பூரா பனி! எங்கம்மா பனியோடதான் வேலைக்குப் போயிருக்காவ!"

பின்வரிசையில் களுக்கென்று சிரித்தார்கள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பது அந்தப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒன்றாவது வாயைத் திறக்க வேண்டுமே! எனக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அன்றைக்கும் நேரம் கழித்துத்தான் வந்தாள்.

கம்பவுண்டரின் முகம் மாறிப்போயிற்று. அம்மாவை அடையாளம் காட்டச் சொல்லி என்னை ஜீப்பில் ஏற்றினார். முன் சீட்டு. வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு போனேன். பெற்ற தாயைக் காட்டிக்கொடுக்க இவ்வளவு பவிசாகப் போன பிள்ளை அந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மலைச்சரிவில் அம்மா விறைத்த விரலை ஊதிக்கொண்டு நின்றாள். "பனியுண்டோ?" என்று அவளிடமும் கேட்டார்.

"ஆமா சாமி, தாங்க முடியல," என்றாள் அம்மா, கேட்க ஓர் ஆள் வந்த சந்தோஷத்தில். "ராத்திரியெல்லாம் ஒடம்பு வெடவெடன்னு ஆடுது."

அங்கேயே தேயிலைச் செடி மறைவில் இடுப்பில் ஊசி போட்டார்கள். எங்கள் லயத்து ஆட்கள் யாரும் வேலை செய்யக்கூடாது என்று எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். அம்மாவை ஆபீஸ் வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்கள். தமிழ்க்கார கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சாயங்காலம் லாரி போடிக்கு எறங்குது. ரெண்டு பேரும் ஏறிக்கோங்க. காய்ச்சக்காரங்கள வச்சிக்க முடியாது," என்றார்.

"காய்ச்சலா? எனக்கு ஒண்ணும் இல்லையே சாமி!"

"கூலி போயிரும்னு எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

தெர்மாமீட்டரில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் கம்பவுண்டர் காரணம் வைத்திருந்தார்: இது விட்டுவிட்டு வருகிற ஜாதிக் காய்ச்சலாம். அன்றையக் கூலி போன பெண்கள் அம்மாவை ஏசினார்கள். "எங்கிருந்தோ சீக்கைக் கொண்டாந்துட்டா," என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, அந்த மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்லித் தொலைச்ச?"

நான் என்ன சொன்னேன்? பனி என்று சொன்னேன். அதில் என்ன தப்பு என்று எனக்கே தெரியவில்லை. அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. ஓடிப்போய்க் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வழியாகத்தான் ஏலிக்குட்டி, ஆடி அசைந்து, தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"எடீ பேச்சி! பனின்னா எங்களுக்குக் காய்ச்சல்டீ! ஒங்க பனி எங்களுக்கு மஞ்ஞு!"

சொன்னவள் நிற்கவில்லை. ஃபேக்டரிக்குப் பின்னால் வெயில் படாத ஓடைப் பள்ளத்தில் இறங்கினாள். வெறும் கையால் புல்லிலிருந்து பனியை வழித்து வழித்துத் தூக்குவாளி மூடியில் நிரப்பினாள். விரல்கள் சிவந்து, பிறகு நீலம் பாரித்தன. மூடியை ஏந்திக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினாள். பின்னால் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பனி உருகிவிட்டது. கம்பவுண்டர் மூடியை எட்டிப் பார்த்தார்.

"இதெந்தா, வெள்ளமோ?"

அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்தேன். ஏலிக்குட்டி மூடியைக் கீழே போட்டாள். எக்கி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பெரிய மனுஷரின் கன்னத்தில் அப்படியே அப்பினாள்.

"அய்யோ! எந்தொரு தணுப்பு!" என்று அவர் அலறியது ஃபேக்டரிவரை கேட்டிருக்கும்.

"இதாணு சாரே, இவருடெ பனி," என்றாள் அவள்.

கிளார்க் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்ததும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வராந்தாவே சிரித்தது. சிரிக்காதவர் கம்பவுண்டர் ஒருவர்தான். அம்மா ஏலிக்குட்டியின் சில்லிட்ட கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அம்மா மறுநாள் வேலைக்குப் போனாள். (ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டுதான்.) அடுத்த வருஷம் வேலை நிரந்தரமாயிற்று. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன், எனக்குக் கல்யாணம் நடந்தது. அத்தனையும் அந்த நீலம் பாரித்த கை போட்ட சோறு.

அந்தத் தை மாதமே ஏலிக்குட்டியின் அப்பாவை மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். கம்பவுண்டர் கன்னத்தைத் தொட்டதற்குத்தான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். உண்மையா என்று இன்றுவரை தெரியாது. கிளம்புகிற அன்றைக்கு ஏலிக்குட்டி சட்டி பானைக்கு நடுவில் லாரியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்ல மலையாளத்தில் ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாய் வரவில்லை. பேச்சியம்மாவுக்கு வாய் வரவில்லை! மூக்கும் கண்ணும்தான் ஒழுகின.

"என்னடீ, பனியா?" என்று கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அந்தப் பனியா, இந்தப் பனியா?"

பதில் சொல்வதற்குள் லாரி கிளம்பிவிட்டது. அப்புறம் அவளை நான் பார்க்கவே இல்லை. தேடாத இடமில்லை. எத்தனையோ ஏலிக்குட்டிகள் அகப்பட்டார்கள், அவள் அகப்படவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் போதும், என் பேரன்வரை அதைத்தான் கேட்கிறான். "அந்தப் பனியா, இந்தப் பனியா?" நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

போன வருஷம் அம்மா கடைசியாகப் படுத்தாள். அடிமாலிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. சின்ன வயது நர்ஸ் ஒருத்தி வந்து குனிந்து, "அம்மச்சிக்கு பனியுண்டோ?" என்றாள்.

அம்மா கண்ணைத் திறக்காமலே, "அந்தப் பனியா, இந்தப் பனியா?" என்று கேட்டாள். ஒன்றும் புரியாமல் நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நான் அம்மாவின் கன்னத்தில் கை வைத்தேன்.

"ஒங்கையி சூடா இருக்குட்டி," என்றாள். "அந்தப் புள்ள கை மாதிரி இல்ல."

குழாயடிக்குப் போய், கை மரத்துப்போகும்வரை தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து மறுபடி வைத்தேன். அம்மா முகத்தைத் திருப்பி, என் உள்ளங்கையில் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள்.

"இப்பவும் இல்ல," என்றாள்.