நான் மாப்பிள்ளை பார்த்த சாராயக் கடை

நான் சாராயக் கடைக்குப் போயிருக்கிறேன். முன்வாசல் வழியாகப் போனேன், முன்னால் கிடந்த மேஜையில் உட்கார்ந்தேன், முன்வாசல் வழியாகவே வெளியே வந்தேன். இதை ஏன் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். ஆளுக்கொரு கை போட்டதில், நான் மேஜை மேல் ஏறி ஆடியதாகக்கூட இப்போது பேச்சு. ஆடவில்லை. மேஜையைக் கவிழ்த்தேன், அவ்வளவுதான்.

என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. (ரோட்டைத் தாண்டினால் லாரி மோதிவிடும் என்று நின்றதிலேயே பாதிப் படிப்பு போயிற்று. மீதியை வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.) குழாயடிக்குப் போனால் அடுப்பை அணைத்தேனா என்று கவலை, வீட்டுக்கு ஓடி வந்தால் குடத்தை யாராவது நகர்த்திவிடுவார்களே என்று கவலை.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. பம்பாயில், தாராவியில் இருந்தோம். அய்யா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதாவது, மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருவார்கள், பாயில் உட்காருவார்கள், வடை சாப்பிடுவார்கள், பாடச் சொல்வார்கள். எனக்கு முதல் வரியே மறந்துபோகும். கடைசியாக வந்த கூட்டத்தின் முன் எப்படியோ ஒரு முருகன் பாட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பாதிப் பாட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா, ரேஷன் அரிசியில் கிடக்கும் கல்லைப் பற்றி ஆரம்பித்தார். எங்கள் அய்யாவும் சேர்ந்துகொண்டார். நான் பாடுகிறேன், அவர்கள் கல் பொறுக்குகிறார்கள். பாட்டு எப்போது முடிந்தது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. “குரல் கொஞ்சம் கம்மி” என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் கோபம் என்னிடம் பத்திரமாக இருந்தது. பயந்தாங்கொள்ளிகள் கோபத்தைச் செலவழிப்பதில்லை, சேர்த்துத்தான் வைப்பார்கள்.

அடுத்து வந்த இடம் சுடலைமுத்து. அவரும் ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை. சாயங்காலம் மாஹிம் பக்கம் ஓர் இடத்தில் பிடில் கச்சேரி வாசிக்கிறார் என்று அவருடைய சித்தப்பா சொன்னார். என்ன இடம் என்று அம்மா கேட்டதற்கு, “நல்ல இடம்தான், காத்தோட்டமா இருக்கும்” என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டார். கச்சேரி என்றதும் அய்யாவின் கண்ணில் கோயில் மண்டபமும் குத்துவிளக்கும் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. பிடிலோ பீப்பீயோ, எதை வேண்டுமானாலும் வாசிக்கட்டும். குடிப்பாரா? எங்கள் சித்தி வீட்டுக்காரர் குடித்தே எல்லாவற்றையும் தீர்த்தவர். ஒரு பானையும் பாயுமாக எங்கள் வீட்டுக்கு வந்த சித்தி திரும்பிப் போகவில்லை. வெளியே யாராவது தள்ளாடி நடக்கிற சத்தம் கேட்டால், நல்ல உறக்கத்திலும் எழுந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். நான் அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

மைனியிடம் (அண்ணன் பெண்டாட்டி, பேச்சியம்மாள்) சொன்னேன். மைனிக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது.

“போயிப் பாத்துட்டு வந்துருவோம்ளா. அவுக வந்து நம்மளப் பாக்கலாம், நாம போயி அவுகளப் பாத்தா மட்டும் கண்ணு அவிஞ்சா போவும்?”

வீட்டில் மாஹிம் மாதா கோயிலுக்குப் போவதாகச் சொன்னோம். பொய்யில்லை. வழியில் நின்று வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனோம். அங்கே விசாரித்து விசாரித்து ஒரு சந்துக்குள் போனால், ஒரு கதவு, கதவில் ஒரு திரை, மேலே இங்கிலீஷில் ஒரு போர்டு. அது எங்கள் இருவருக்குமே கோலம் மாதிரிதான். ஆனால் உள்ளே பிடில் சத்தம்.

பிடில் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி வாசலோரம் ஜோடி சேர்த்து வைத்தோம். பாட்டு நடக்கிற இடத்துக்குச் செருப்போடு போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. வாசலில் வேறு செருப்பே இல்லை. கூட்டமே வரவில்லை போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் இருந்தது. எல்லாம் பூட்ஸ் போட்ட கூட்டம். கப்பல்காரர்கள், மில்காரர்கள், தொப்பியைக் கழற்றாத ஒரு கிழவர். முன்னால் ஒரே ஒரு மேஜை காலியாக இருந்தது. தரையில் உட்காரவா, நாற்காலியில் உட்காரவா என்று ஒரு நிமிஷம் தவித்து, தரை ஈரமாக இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்தோம். புளித்த வாடை வீசியது.

“இட்லிக்கு ஆட்டி வச்சிருக்காக போல” என்றாள் மைனி.

கவுன் போட்ட கோவாக்கார அம்மா ஒருத்தி வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தாள். கடைக்கு அவள்தான் முதலாளி; ரோஸிபாய் என்று பெயர். என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டாள். மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறோம் என்று எந்தப் பாஷையில்தான் சொல்வது? நான் பிடிலைக் கையால் காட்டினேன். அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள், பிடில்காரரைப் பார்த்தாள், என்ன புரிந்துகொண்டாளோ, உள்ளே போய் இரண்டு சோடாவும் ஒரு தட்டு வறுத்த மீனும் கொண்டுவந்து வைத்தாள். மைனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, பாக்க வந்தவுகளுக்குப் பலகாரம் வக்காக. மருவாதி தெரிஞ்ச எடம்” என்று ஒரு துண்டை எடுத்தாள். இரண்டாவது துண்டில்தான் பக்கத்து மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். மென்றுகொண்டே என் காதில் சொன்னாள்:

“ஏளா, இது சாராயக் கடைட்டி.”

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் கதவுக்குப் போக அத்தனை மேஜைகளையும் தாண்ட வேண்டும். உட்கார்ந்திருப்பதைவிட எழுந்து போவதுதான் பெரிய பயமாக இருந்தது. (என் வாழ்க்கையில் பாதிக் காரியங்கள் இப்படித்தான் நடந்தன.) மேடை என்று சொல்லமுடியாத ஒரு பலகைமேல் கித்தார் வைத்த ஓர் ஆள், டோல் தட்டுகிற ஓர் ஆள், நடுவில் பிடிலோடு அவர். வெள்ளைச் சட்டை. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. யாரோ வீட்டுக்கு வர நேரமாகிவிட்ட மாதிரி ஒரு பாட்டு.

பின்னால் ஒரு கும்பல் உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. குதிரைப் பந்தயமோ என்னவோ. பிடில் மெல்லப் போகப் போக அவர்கள் பேச்சு ஏறிக்கொண்டே போனது. அவர் நிறுத்தவில்லை, முகம் கூடச் சுளிக்கவில்லை. தன் பாட்டைத் தானே தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். முருகன் பாட்டு பாடியபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

எழுந்தேன். எழுந்த வேகத்தில் மேஜை கவிழ்ந்து பக்கத்து மேஜையில் மோதி, அங்கிருந்த பீர் பாட்டில் மொத்தமும் என் சேலையில் கொட்டியது. மைனி மீன் தட்டை மட்டும் காப்பாற்றினாள். நான் திரும்பி நின்று, எனக்குத் தெரிந்த ஒரே இந்தியில், அதாவது குழாயடிச் சண்டை இந்தியில் சொன்னேன்:

“சுப் பைட்டோ. வோ பஜாத்தா ஹை, தும் பக் பக் கர்தா ஹை. ஷரம் நை ஆத்தா?”

வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், அவர் வாசிக்கிறார், நீங்கள் வளவளக்கிறீர்கள், வெட்கமாயில்லையா என்று அர்த்தம். கடை அடங்கிவிட்டது. தொப்பிக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். பிடிலும் நின்றுபோயிற்று. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் பலகையிலிருந்து இறங்கி வந்தார். சேலைக்கட்டையும் வெறுங்காலையும் பார்த்தே தமிழாட்கள் என்று தெரிந்துகொண்டிருப்பார். “எந்த ஊரு நீங்க?” என்றார் தமிழில். ஊர் பேர் சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு நாள் நெஞ்சில் கிடந்தது மட்டும் வந்தது.

“நீங்க குடிப்பீகளா?”

பீரில் நனைந்து சொட்டிக்கொண்டு ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது? அவர் சிரிக்கவில்லை. “இல்ல” என்றார். “எங்கய்யா குடிச்சாரு. வீட்டுல ஒருத்தர் குடிச்சது போதும்.” ரோஸிபாய்க்கு என்ன புரிந்ததோ, அவருடைய டீ கிளாஸைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மோந்து பார்த்தேன். ஆமாம், அத்தனை பேர் முன்னாலும் மோந்து பார்த்தேன். டீதான்.

வெளியே வந்தால் செருப்பு இல்லை. வெறுங்காலோடு, சாராய வாடையோடு நடந்தோம். வீட்டு வாசலில் அய்யாவோடு பேசிக்கொண்டு நின்றது யார் என்கிறீர்கள்? மாப்பிள்ளையின் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தார். காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தது. அவர் மூக்கு அசைந்தது. அம்மா தலையில் கை வைத்தாள்.

“பொண்ணு...” என்று இழுத்தார் சித்தப்பா. “பழக்கம் உண்டோ?”

மைனி மாதா கோயில் என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“சாராயக் கடைக்குத்தான் போனேன். மாப்பிள்ளை பாக்கப் போனேன். வாசிச்சாக, கேட்டேன். பலகாரம் வச்சாக, மைனி தின்னாக. எனக்குப் புடிச்சிருக்கு. நீங்க பாக்க வந்தா மூச்சு விடாம உக்காந்திருந்தேன்லா, நான் பாத்துட்டு வந்தா மட்டும் என்ன?”

சித்தப்பா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அய்யா என்னை அடிக்கவில்லை. சம்பந்தம் போச்சு என்று அம்மா அழுதாள். சித்தி மட்டும் என் சேலையைத் துவைக்கப் போட்டுவிட்டு, “குடிக்கலன்னு நீயே பாத்தியாட்டி?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டீ கிளாஸைச் சொன்னதும் அன்றைக்கு நன்றாக உறங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் அவரே வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் எங்கள் செருப்புகள். குடிகாரர்கள் மிதித்துவிடுவார்களே என்று ரோஸிபாய் உள்ளே எடுத்து வைத்தாளாம். அய்யா உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவர் நின்றபடியே சொன்னார்:

“பொண்ணு புடிச்சிருக்கான்னு சொல்ல வரல மாமா. என்னப் புடிச்சிருக்குன்னு சொன்னாகளாம். நெசந்தானான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அய்யா பாயை எடுத்து விரித்தார்.

கல்யாணத்துக்கு ரோஸிபாய் பட்டுக் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு. சில வருஷத்தில் மதுவிலக்கு வந்து கடை மூடியது. அவர் வீட்டிலேயே வாசித்தார். வாசிக்கும்போது யாராவது பேசினால், பின்னாளில் பேரன் பேத்திகள் கோரஸாக “சுப் பைட்டோ” என்பார்கள். விருந்தாளி யார் வந்தாலும் அவர் ஆரம்பித்துவிடுவார்: “என்னப் பாக்க வந்தாக, வாசிக்கச் சொன்னாக, குடிப்பியான்னு கேட்டு வாய மோந்தாக...” வாயை அல்ல, கிளாஸை. எத்தனை தடவை திருத்தினாலும் வாய்தான்.

சிரிக்கட்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் இன்றுவரை பாயில் உட்கார்ந்து பாடிக் காட்டியதில்லை. எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கட்டாயம் கேட்கும்: “செருப்பக் கழத்திராத.”

அந்தக் குரல் என்னுடையதுதான்.