வெள்ளைத்தாள் சட்டம்

இரண்டு கடல்களுக்கு நடுவே, வாழைத்தோட்டங்களும் எரிமலைகளுமாக ஒரு நாடு இருந்தது. அதைத் தளபதி ஒருவர் ஆண்டார். மக்கள் கெஞ்சிக் கேட்டதால் ஆள்வதாக அவரே சொல்லிக்கொண்டார்.

அங்கே பத்திரிகை நடத்தியவர் ஓவிதியோ. கதைகளும் எழுதுவார். அவருடைய தலையங்கத்தைத் தணிக்கைக்காரர்கள் வெட்டினால், வெட்டிய இடத்தை வெள்ளையாகவே விட்டு அச்சடிப்பார். ஜனங்கள் அந்த வெள்ளையைத்தான் முதலில் படித்தார்கள். காப்பிக்கடையில் ஒருவர் விரித்துக் காட்ட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுதியவற்றுக்கு இந்த மவுசு இல்லையே என்று ஓவிதியோவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தளபதி அவரைச் செய்தித்துறை மந்திரியாக்கினார். உள்ளே இருந்தால்தான் நல்லது செய்யலாம் என்று இவரும் போனார். எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

"மந்திரியாரே, இந்த வெள்ளை இடம் நம்மளத் திட்டுது. என்ன திட்டுதுன்னுதான் நிரூபிக்க முடியல" என்றார் தளபதி.

ஓவிதியோ தன் எழுத்துத் திறமையையெல்லாம் கொட்டிச் சட்டம் எழுதினார்: 'அச்சிட்ட எந்தத் தாளிலும் காலியாக விடப்படும் இடம், தளபதிக்குத் தெரிவித்த நன்றியாகவே கொள்ளப்படும்.'

எரிமலை புகைகிறது, எங்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று அடிவாரத்து மக்கள் மனு அனுப்பினார்கள். அரசு அச்சடித்த மனுத்தாளில் பாதி காலியாக இருந்தது. 'நன்றி ஏற்கப்பட்டது' என்று பதில் போனது. பிறகு சாம்பல் அந்த ஊரை மூடியது.

அன்றுதான் ஓவிதியோவுக்கு வெட்கம் வந்தது. பதவியை விட்டெறிந்தார். தளபதியை எப்படியாவது இறக்கினால்தான் இனி சோறு இறங்கும் என்றாகிவிட்டது அவருக்கு.

தேர்தல் வந்தது. வாக்குச்சீட்டில் தளபதியின் பெயர் மட்டுமே இருந்தது. ஓவிதியோ ஊர் ஊராகப் போனார்.

"எதையும் குறிக்காதீங்க. என் பத்திரிகை மாதிரி வெள்ளையா மடிச்சுப் போடுங்க!"

ஜனங்கள் அவரை மன்னித்தார்கள். ஒருவர் விடாமல் வெள்ளையாகவே போட்டார்கள். எண்ணும் இடத்தில் தளபதியின் முகம் வெளிறியது.

தேர்தல் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "பதறாதீங்க, தளபதியாரே. சட்டம் இருக்கு." நிறுத்தி நிதானமாகப் படித்தார். அத்தனை சீட்டும் தளபதிக்கு நன்றியாயிற்று. நாடு இதுவரை காணாத வெற்றி அது.

ஓவிதியோவைக் கைதுகூடச் செய்யவில்லை. தளபதி அவருக்கு ஒரு பூங்கொத்து அனுப்பினார்.

ஓவிதியோவின் மனைவி பெனீத்தா, அந்தப் பத்திரிகைக்கு அச்செழுத்துக் கோத்தவள், பூங்கொத்தைக் குப்பையில் போட்டாள்.

"ஏங்க, அந்தச் சட்டத்தையும் வெள்ளையா விட்டிருக்கலாமேங்க."