எள்ளை மேய்ந்த ஆலங்கட்டி

படித்ததில் பாதியை மறந்தவன், ஒன்றுமே படிக்காதவனைவிட ஆபத்தானவன். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆசாமி நானேதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு வட்டார அலுவலகத்தில், விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் கிராம சேவக்காகச் சேர்ந்தேன். கையில் ஒரு சைக்கிள், தலை நிறையப் பயிற்சிப் பள்ளிக் கர்வம். பயிர் சேதமென்று யாராவது வந்தால் நேரில் பார்த்து அறிக்கை எழுதவேண்டும். அதை வைத்துத்தான் மறுபடி விதைக்க விதை கொடுப்பார்கள்.

சித்திரையில் ஒருநாள், அலுவலகம் மூடுகிற நேரத்தில் செல்லம்மா வந்தார். கணவர் இல்லாதவர். ஒன்றரை ஏக்கர் எள்தான் அவருக்கிருந்த ஒரே பிடிமானம். நான்கு மைல் நடந்து வந்து, உமி நிரப்பிய தூக்குச்சட்டியை என் மேஜையில் வைத்தார்.

"ஆலங்கட்டி அடிச்சு இப்பத்தான் ஓஞ்சுச்சுங்க சார். பூவும் பிஞ்சுமா நின்ன எள்ளு, எலையெல்லாம் கிழிஞ்சு போச்சு. நம்ப மாட்டீங்களோன்னு கையோட அள்ளியாந்தேன்."

உமியை விலக்கிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"இது தண்ணிம்மா" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். (எனக்கு அந்தப் பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது.) நான் ஆவுடையார்கோவில் பக்கம் வளர்ந்தவன். ஆலங்கட்டியைக் கண்ணால் கண்டதில்லை. பனிக்கட்டிக்குக் குளிர் வேண்டும், இமயமலையில் விழலாம், சித்திரை வெயிலில் இங்கே எப்படி விழும் என்று கால்மணி நேரம் பாடம் நடத்தினேன். அவர் நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க படிச்சவங்க சார். ஒரு தடவ அங்கிட்டு வந்து பாத்துருங்க."

இரண்டு நாள் கழித்துப் போனேன். அவர் வயலில் செடிகள் கந்தலாகக் கிடந்தன. வண்டிப்பாதைக்கு மறுபக்கம் இன்னொருவருடைய எள் ஒரு பூக்கூட உதிராமல் நின்றது. மழை ஆள் பார்த்துப் பெய்யுமா? என் மூளை மின்னலாக வேலை செய்தது. 'ஆலங்கட்டி இல்லை. ஆடு மேய்ந்ததால் ஏற்பட்ட சேதம்' என்று எழுதி, வளைத்து நெளித்துக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். அதே பாதையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து தாங்க முடியாத புழுக்கம். மேற்கே மேகம் கருத்து உயர்ந்துகொண்டே போனது. திடீரென்று உச்சந்தலையில் 'டக்'. யாரோ கல்லெறிகிறார்கள் என்றுதான் நினைத்தேன். (என் அறிக்கைகளைப் படித்தவர்கள் ஊரில் இருந்தார்கள்.) அடுத்து மூக்கில் ஒன்று. சைக்கிள் வாய்க்காலில், ஒரு செருப்பு சேற்றில், ரிஜிஸ்டர் தலையில் என்று கண்ணில் பட்ட முதல் மாட்டுக்கொட்டகைக்குள் பாய்ந்தேன்.

அது செல்லம்மாவுடையது.

ஓலைக்கூரையைப் பிய்த்துக்கொண்டு கட்டிகள் உள்ளேயும் விழுந்தன. அவர் சாணிக் கூடையை எடுத்து நீட்டினார். "தலையில கவுத்துக்கங்க சார்." கவிழ்த்துக்கொண்டேன். கூடை அப்போதுதான் காலியாகியிருந்தது. பிறகு ஒரு கட்டியைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். பாதி உடைந்த அதற்குள் வெங்காயம்போல் சுற்றுச் சுற்றாய்ப் பனி.

பயிற்சிப் பள்ளியில் படித்து மறந்துபோன மறுபாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோடைச் சூட்டில் காற்று வேகமாக மேலே எழும். மழைத்துளியை உறைகிற உயரத்துக்குத் தூக்கிப் போகும். விழவிடாமல் தாங்கித் தாங்கி, பனியை மேலும் மேலும் சேர்க்கும். பாரம் தாங்காதபோது கீழே விட்டுவிடும். அதுவும் சில சமயம் ஒரு கீற்றாக, ஒரு வயலை அடித்துப் பக்கத்து வயலைத் தொடாமல். வெயில் இருந்ததால் ஆலங்கட்டி விழுந்திருக்காது என்று தீர்ப்புச் சொன்னேன். விழவைத்ததே அந்த வெயில்தான்.

செல்லம்மா கோபப்படாமல் கேட்டார். "ஆடு மேஞ்சதா எழுதிட்டீங்களாமே சார். எள்ளுச் செடிய ஆடு தொடுமா?"

தொடாது. அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் அது தெரியும். அவர்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்த எனக்குத் தெரியவில்லை.

வாய்க்காலிலிருந்து சைக்கிளைத் தூக்கி, அதில் தொங்கிய டிபன் கேரியர் நிறைய ஆலங்கட்டியை அள்ளிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு அலுவலகத்துக்கு மிதித்தேன். அதிகாரி முன்னால் மூடியைத் திறந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இது தண்ணிப்பா" என்றார்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அறிக்கையைத் திருத்திக்கொள்ள அனுமதித்தார். ஆனால் விதை முழுவதும் இரண்டு நாள் முன்பே மற்றவர்களுக்குப் போய்விட்டது. செல்லம்மாவின் நிலம் அந்த வருஷம் தரிசாகக் கிடந்தது. அவர் ரோட்டுக்குக் கல் சுமக்கப் போனார். நான் சைக்கிளில் கடக்கும்போதெல்லாம், சும்மாட்டைச் சரிசெய்தபடி "வாங்க சார்" என்பார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்தக் கதையை மனைவியிடம் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. வீட்டில் சட்டை கிழிந்தாலும், வடை குறைந்தாலும், பேரன் பரீட்சையில் மார்க் குறைந்தாலும் "ஆடு மேஞ்சிருக்கும்" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். விருந்தாளி வந்தால் நானே ஆரம்பிப்பதும் உண்டு. ஆனால் எப்போதும் சாணிக் கூடையோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குப் பிறகு நடந்ததை இன்றுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.