பலாமரத்துக் கல்லும் இரண்டு போன்களும்

இரிஞ்சாலக்குடா,
வியாழக்கிழமை, விடாத மழை.

மரியாதைக்குரிய அளியன் அச்சுதன்குட்டி அவர்களுக்கு மைத்துனன் சேகர வாரியர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி வத்சலாவும் நலம். அங்கு நீங்களும் என் தங்கை பத்மாவும் நலமாக இருப்பதாகக் கேள்வி. நேரில் பார்க்காததால் உறுதி சொல்ல முடியவில்லை. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பேசினால் யார் யார் காதுக்குப் போகிறது என்பது எனக்கு இந்த வாரம் தெரிந்துவிட்டது. இந்த உறையைப் பிரித்து ஒட்டிய அடையாளம் இருந்தால் உடனே தெரிவிக்கவும்.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு லோனப்பன் நான்கு மாதத்துக்கு முன் வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டினான். கட்டி முடிந்ததும் பார்த்தால் நம் பலாமரம் அவன் பக்கம் நிற்கிறது. எல்லைக்கல்லைக் காணோம். நான் மனுக் கொடுத்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு சர்வேயர் வருகிறார். அவருடைய கருவியில் எனக்கு நம்பிக்கையில்லை. அவர் சாயா குடிக்கிற கடை லோனப்பனின் சம்பந்தியுடையது. எனக்கு இருக்கும் ஒரே சாட்சி, ஏழு வருடத்துக்கு முன் விஷு அன்று வத்சலா அந்தப் பலாமரத்தடியில் பழத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ. அவள் காலடியில் கல் தெரியும். அந்தப் போட்டோ என் பழைய போனில் இருந்தது.

பழைய போன் சூடேறி அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்து, போன ஓணத்துக்கு நீங்கள் கொடுத்த புதுப் போனுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று வத்சலாவோடு கிளம்பினேன். (அதை ஏன் திடீரென்று கொடுத்தீர்கள் என்பதைப் பிறகு பேசலாம்.) பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் கடையில் ஷைனி என்று ஒரு பெண். கைதேர்ந்தவள் என்றார்கள். அவள் லோனப்பனின் மனைவி கொச்சுத்திரேசியாவுக்கு அக்காள் மகள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. போன் இரண்டையும் மேசையில் வைத்த பிறகு அவளே சொன்னாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முப்பத்தெட்டு வருடம் பத்திரம் எழுதியவன் நான். படிக்காமல் எதிலும் கைவைத்ததில்லை. புதுப் போனோ, படங்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா, பெயர்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா, நீங்கள் நிற்கும் இடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா என்று பதின்மூன்று தடவை கேட்டது. ஒவ்வொரு நிபந்தனையையும் கண்ணாடி போட்டு வாசித்தேன். பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். "அங்கிள், எல்லாருமே சும்மா ஓகே குடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றாள் அவள். "அப்படிக் குடுத்துட்டுப் போனவங்க கேஸை எல்லாம் நான் கோர்ட்ல பார்த்திருக்கேன், மோளே" என்றேன். ரகசிய எண் போடும்போது அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொன்னேன். எண்ணை நான் வாய்விட்டுச் சொல்லித்தான் போட்டேன் என்று வத்சலா பிறகு சொன்னாள். 'ஒரு நிமிடம் மீதம்' என்று காட்டியபடியே அது நாற்பது நிமிடம் ஓடியது. அந்த நாற்பது நிமிடத்தில் என்னென்ன எங்கெங்கே போனதோ!

முடிந்ததும் புதுப் போனில் எல்லாப் படங்களும் இருந்தன. பழையதைத் திறந்தேன். அதிலும் எல்லாம் இருந்தன! "அப்போ இதுல வந்தது நகலா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள்." "எது அசல்?" "அசல், நகல்னெல்லாம் கிடையாது. எதுக்கும் பழைய போன்ல எதையும் தொடாதீங்க, நான் சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

தொடக் கூடாதாம்! ஏன் தொடக் கூடாது? ஒரு சொத்துக்கு இரண்டு மூலப்பத்திரம் இருந்தால் அதற்குப் பெயர் மோசடி. புதியது எழுதினால் பழையதை ரத்து செய்தாக வேண்டும். லோனப்பன் நாளைக்கு ஒரு நகலைக் கொண்டுவந்து அதுதான் அசல் என்றால் நான் என்ன செய்வேன்? ஆகவே வீட்டுக்கு வந்து, வத்சலாவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, பழைய போனில் இருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களையும் அழித்து ரத்து செய்தேன். பிறகு புதியதைத் திறந்தேன். அதிலும் ஒன்று மிச்சமில்லை.

உள்ளதைச் சொல்கிறேன் அளியன், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அரை மணி கழித்து மதிலுக்கு மேல் லோனப்பன் தலை. "என்ன வாரியரே, போட்டோ எல்லாம் போச்சாமே? ஷைனியை வரச் சொல்லட்டா?" வத்சலா அந்தப் பெண்ணுக்குப் போன் பேசியிருந்தாளாம். இருக்கட்டும். இவனுக்கு அதில் இவ்வளவு அக்கறை எதற்கு? முப்பது வருடம் இருவருக்கும் ஒரே செய்தித்தாள். முதல் பக்கங்களை அவன் படிப்பான், குறுக்கெழுத்துள்ள நடுப்பக்கம் வேலிக்கு மேல் எனக்கு வரும். மனுக் கொடுத்த நாளிலிருந்து தனித்தாள் வாங்குகிறேன். முழுவதையும் நானே படிக்க வேண்டியிருப்பது பெரிய தொல்லை. அந்தக் கல்லை நீங்கள் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொல்ல திங்கட்கிழமை கட்டாயம் வரவும்.

பத்மாவுக்கும் குழந்தைகளுக்கும் கூடல்மாணிக்கம் சுவாமியின் அருள் குறைவில்லாமல் கிடைக்கட்டும். அடுத்த வீட்டார் எல்லாரிடமும் ஜாக்கிரதையாக இருக்கவும்.

இப்படிக்கு,
சேகர வாரியர்,
பத்திர எழுத்தர் (ஓய்வு)

பி.கு. (ஞாயிறு காலை): நேற்று முன்தினம் தபாலில் சேர்க்கப் போனேன், பெட்டியின் பூட்டு ஒரு மாதிரியாக இருந்ததால் திரும்பிவிட்டேன். அதற்குள் ஷைனி வந்தாள். அழித்த படங்கள் எல்லாம் குப்பைக்கூடை என்ற ஒன்றில் பத்திரமாக இருந்தன. விஷுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கல் துல்லியமாகத் தெரிகிறது. அது பலாமரத்துக்கு நம் பக்கம் நான்கடி உள்ளே, இப்போது என் குளியலறை நிற்கும் இடத்தில் இருக்கிறது. அந்த அறையைக் கட்டும்போது அஸ்திவாரத்துக்கு ஒரு கல்லைப் பெயர்த்துப் போட்டது எனக்கு நினைவுக்கு வருகிறது. படத்தை உடனே அழித்தேன், குப்பைக்கூடையிலும் அழித்தேன். ஆனால் அதற்குள் வத்சலா, அதில் தான் மெலிந்து அழகாக இருப்பதாகச் சொல்லி, பத்மாவிலிருந்து கொச்சுத்திரேசியா வரை எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். லோனப்பன் பதில் போட்டிருக்கிறான்: "கல்லு எங்கேன்னு எனக்கு அப்பவே தெரியும் வாரியரே. அளந்து கட்டினா உம்ம குளியலறைய இடிக்கணுமேன்னுதான் ரெண்டடி விட்டுட்டுக் கட்டினேன். பழம் பழுத்திருக்கு, ஆள் அனுப்பும்." மனுவைத் திரும்ப வாங்க எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வர வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்தால் துண்டுகளை யார் பொறுக்குவார்களோ என்று முழுசாக உங்களுக்கே அனுப்புகிறேன், படித்ததும் எரிக்கவும். இன்று காலை நடுப்பக்கம் மதிலுக்கு மேல் வந்தது. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம்கூட அவன் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.